மருந்துக்கு அடங்காத கிருமிக்கு ‘எதிர்ப்புச் சக்தி’ என்று பேர் வைக்கலாமா?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருந்த ஓர் அம்மா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நோயாளிகளின் உறவினருக்கென்று அந்த மருத்துவமனை தமிழில் அச்சிட்டுக் கொடுத்த விளக்கத்தாள். ‘தங்கள் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சக்தி உருவாகியுள்ளது’ என்று இருந்தது. “எதிர்ப்புச் சக்தி வந்துடுச்சுன்னு போட்டிருக்காங்களே, அப்போ தேறிட்டார்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார். அவர் கணவர் வென்டிலேட்டரில் இருந்தார். நுரையீரலில் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று, கொடுத்த மருந்து எதுவும் வேலை செய்யவில்லை. இந்தச் சொல்லை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் எத்தனையோ முறை பார்த்து முணுமுணுத்ததோடு விட்டிருக்கிறேன். அன்றைக்கு விட முடியவில்லை.

ஆங்கில மூலச் சொல் ரெசிஸ்டன்ஸ். லத்தீனில் ‘சிஸ்தெரே’ என்றால் நிற்பது, ‘ரெ’ சேர்ந்தால் விலகாமல் எதிர்த்து நிற்பது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928இல். அது நோயாளிகளிடம் பரவலாகப் போய்ச்சேரும் முன்பே, 1940இல், பென்சிலினைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவிடம் இருப்பதை ஆபிரகாம், செயின் என்ற விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமி பென்சிலினுக்கு அடங்காமல் போகும் என்று 1945 நோபல் உரையில் ஃபிளெமிங்கே எச்சரித்தார். ஆக, இந்தச் சிக்கலுக்கு ஏறக்குறைய ஆன்டிபயாடிக் மருந்துகளின் வயதுதான். தமிழில் அதற்கு ஒரு நல்ல சொல் நிலைக்காமல் போனதற்குப் புதுமையைக் காரணம் காட்ட முடியாது.

சரி, ‘எதிர்ப்புச் சக்தி’யில் என்ன கோளாறு? தமிழ் வாசகருக்கு அது ஏற்கெனவே வேறொன்றின் பெயர். நோய் எதிர்ப்புச் சக்தி என்றால் உடம்புக்குள் இருப்பது, நல்லது, கூட்டிக்கொள்ள வேண்டியது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதே அதற்காகத்தான். அதே பெயரைக் கிருமியின் திமிருக்கும் சூட்டினால் படிக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்? அந்த அம்மா சரியாகத்தான் படித்தார், தாள்தான் தவறு.

அதைவிடப் பெரிய தவறு ‘நோயாளிக்கு’ என்ற சொல். இந்தக் குணம் நோயாளிக்கு வருவதில்லை. மருந்துக்கு அடங்காமல் போவது பாக்டீரியா, மனித உடம்பு அல்ல. உலக சுகாதார நிறுவனமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்ற பேச்சுவழக்கு முன்பே இருக்கிறது, இந்த மொழிபெயர்ப்பு அதற்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது. இது வெறும் சொல் சண்டை இல்லை. வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட விழுங்காதவருக்கும் மருத்துவமனையில் இந்தக் கிருமி தொற்றலாம்: அடுத்த படுக்கையைத் தொட்ட கை வழியாக, சிறுநீர்க் குழாய் வழியாக, மூச்சுக் குழாய் வழியாக. கோளாறு நோயாளியின் உடம்பில்தான் என்று நம்பிவிட்டால், கை கழுவச் சொல்வதும் தனி அறைக்கு மாற்றுவதும் தேவையற்ற கெடுபிடியாகத்தானே தெரியும்? கிருமி ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பொருள் என்று புரிந்தால்தான் அந்தக் கெடுபிடிக்கு அர்த்தம் வரும்.

இதை ஒப்புக்கொள்ளும் சிலர் ‘மருந்துத் தாங்குதிறன்’ என்று எழுதுகிறார்கள். குழப்பம் குறைகிறது, உண்மைதான். ஆனால் தாங்குவது என்றால் அடியை வாங்கிக்கொண்டு நிற்பது. இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அடியை வாங்குவதே இல்லை. சில, நொதியை விட்டு மருந்தை வெட்டிப்போடுகின்றன. சில, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளுகின்றன. சில, மருந்து நுழையும் துளையைக் குறைத்துக்கொள்கின்றன. இன்னும் சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகின்றன. இதில் தாங்குதல் எங்கே வந்தது? அதோடு, டாலரன்ஸ் என்று தனியாக ஒரு நிலை நுண்ணுயிரியலில் இருக்கிறது. மருந்து வழக்கமான அளவிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும், ஆனால் கிருமி சீக்கிரம் சாகாமல் நாளைக் கடத்தும். அதற்குத்தான் ‘தாங்குதிறன்’ அச்சாகப் பொருந்துகிறது. இப்போதே அதை இங்கே செலவழித்துவிட்டால் அப்புறம் அதற்கு எங்கே போவது?

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலரோ ஆன்டிபயாடிக்கை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ ஆக்கி, இதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எது எதை எதிர்க்கிறது? கலைச்சொல் ஆக்குவது எனக்கும் பிடித்த வேலை, தமிழில் முடியும் என்று நம்புகிறவன் நான். ஆனால் முதல் ‘எதிர்ப்பி’யை ஊன்றியதால் அடுத்த சொல் இப்படித் தடுக்கி விழுகிறது. ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பதும் முழுச்சரி இல்லை. டாக்ஸிசைக்ளின் போன்றவை பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்துகின்றன. வைரஸையும் நாம் நுண்ணுயிர் என்றே சொல்கிறோம், அதன்மேல் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. இதைவிட நல்ல சொல் கிடைக்கும்வரை ‘ஆன்டிபயாடிக்’ என்றே எழுதுவேன். மருந்துச் சீட்டு பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சொல் அது.

என் தேர்வு, மருந்துக்கு அடங்காமை. காய்ச்சல் அடங்கியது, வலி அடங்கவில்லை, இருமல் எந்த மருந்துக்கும் அடங்க மாட்டேன் என்கிறது என்று நாம் காலங்காலமாகப் பேசுகிறோம். ‘மருந்துக்குக் கேட்கவில்லை’ என்பது இன்னும் அழகு, ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கினால் ‘கேளாமை’ என்று காதுக்குப் போய்விடும். ‘அடங்காமை’ திருக்குறளிலேயே இருக்கும் சொல். அங்கே அது ஒழுக்கத்தைப் பற்றியது என்று ஒரு நண்பர் மறுத்தார். கிருமிக்குப் பொருந்தாது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இந்தச் சொல்லின் பெரிய வசதி, இரண்டு பக்கமும் திரும்புவது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில், 1961இல், பிரிட்டனில் பதிவான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வகையை ‘மெத்திசிலினுக்கு அடங்காதது’ என்று சொல்லிவிடலாம். பல மருந்துக்கு அடங்காதது, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துக்கும் அடங்காதது என்று படிப்படியாகவும் போகலாம். மறுபக்கம் திரும்பினால் ‘வான்கோமைசினுக்கு அடங்கும்’. இன்று கல்ச்சர் அறிக்கைகளை, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்த்துச் சொல்லும் அறிக்கைகளை, மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் ‘சென்சிடிவ்’ என்பதை ‘உணர்திறன் உள்ளது’ என்று போடுகிறார்கள். ‘பென்சிலின் உணர்திறன் உள்ளது’ என்று படித்தால், பென்சிலின் நோயாளிக்கு ஒவ்வாது, கொடுக்கக் கூடாது என்றுதான் எனக்கே முதலில் தோன்றும். சொல்ல வந்ததோ, பென்சிலின் இந்தக் கிருமியிடம் வேலை செய்யும் என்பது! பொருள் நேர் தலைகீழ். இதைப் பார்த்தும் பதறாத மொழிபெயர்ப்பாளர் மருத்துவம் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இன்னொரு தாளில் ‘காலனைசேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘நோயாளியிடம் காலனித்துவம் காணப்படுகிறது’ என்று இருந்ததைப் பார்த்தேன். கிருமி தோலிலோ குடலிலோ தங்கியிருக்கிறது, நோய் உண்டாக்கவில்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ‘கிருமி குடியிருக்கிறது, தொற்று இல்லை’ என்று எழுத என்ன தடை? இந்த வேறுபாட்டை உறவினர் புரிந்துகொள்வது முக்கியம். வெறுமனே குடியிருக்கும் கிருமிக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. தேவையில்லாமல் கொடுத்தால் அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை தழைக்க இடம் கிடைக்கும். இது தெரியாத குடும்பம், ‘கிருமி இருக்குன்னு எழுதிட்டு மருந்து தர மாட்டேங்கிறாங்களே’ என்று கொதிக்கத்தான் செய்யும்.

அந்த அம்மாவின் தாளில் இருந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: ‘உங்கள் கணவரின் நுரையீரலில் இருக்கும் கிருமி, இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்கவில்லை.’ இரண்டு முறை படித்தார். முகம் வாடிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ எந்த மருந்துக்கு அடங்கும்?” என்று கேட்டார். அதைத்தான் கல்ச்சர் அறிக்கை சொல்லும், டாக்டர் வந்ததும் இதே கேள்வியை இதே வார்த்தையில் கேளுங்கள் என்றேன்.