எஸ்.எஸ்.டி.: இதில் திண்மமாக இருப்பது எது?

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. காலையில் ஒரு மாநிலத்தில் கல்யாணம், மாலையில் மறு மாநிலத்தில் வரவேற்பு என்று ஓடுகிற வீடியோக்காரர்கள் கேமராவுக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வைத்திருப்பது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியை. எடுத்த படங்களைச் சேமித்துவைக்கும் அதன் பெயர் எஸ்.எஸ்.டி. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. "அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா அண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர் 'அண்ணே' இருக்கும் இடத்தில் 'சேட்டா' போடுவார். ஹார்ட் டிஸ்க் மாறாது. கடைக்காரருக்கும் புரிந்துவிடுகிறது, வியாபாரமும் நடக்கிறது.

பெயர் சரியாகப் புரியாததால் நட்டம் உண்டா என்றால், உண்டு. 'சாலிட்' என்ற சொல்லைப் பார்த்ததும் கெட்டியான சாமான், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது, பீரோவில் வைத்துவிட்டால் பேரன் காலம் வரை இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் பலர். அந்தப் பெயர் இதில் எதற்கும் உறுதி சொல்லவில்லை.

சாலிட் ஸ்டேட் டிரைவ் என்பதன் சுருக்கம் எஸ்.எஸ்.டி. இதிலுள்ள 'சாலிட் ஸ்டேட்', கணினிக்கு வெளியே பிறந்த சொல். வால்வு ரேடியோவை நினைவிருப்பவர்களுக்கு இது எளிது. அந்த ரேடியோவில் மின்சாரம் ஒரு கண்ணாடிக் குழாயின் வெற்றிடத்தைத் தாண்டிப் போகும். குழாய் சூடாகும் வரை சத்தம் வராது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் உருவானபோது, வெற்றிடம் தேவைப்படாமல் ஜெர்மேனியம் என்ற திடப்பொருளுக்குள்ளேயே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. மின்னணுக்கள் நடமாடும் இடம் வெற்றிடத்திலிருந்து திண்மத்துக்கு மாறியது. 'சாலிட் ஸ்டேட்' என்ற அடைமொழி குறிப்பது இந்த மாற்றத்தைத்தான். 1960களிலும் 70களிலும் வந்த ரேடியோக்களின் முகப்பில் அந்த இரண்டு சொற்களை விளம்பரமாகவே பொறித்திருப்பார்கள். 'உள்ளே வால்வு இல்லை' என்பதே அதன் பொருள். நம் ஊர்களில் அந்த ரேடியோவுக்கே டிரான்சிஸ்டர் என்ற பெயர் நின்றுவிட்டது. இன்னும் பின்னால் போனால், கலீனா என்ற ஈயக் கனிமப் படிகத்தை வைத்து மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அதுவும் இதே குடும்பம்தான்.

ஆகவே இந்தச் சொல்லில் திண்மமாக இருப்பது மின்னோட்டத்தின் பாதை. பெட்டியின் உறுதியைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள 'ஹார்ட்' வேறு கதை. வளையக்கூடிய ஃபிளாப்பி 1971இல் சந்தைக்கு வந்த பிறகு, அதிலிருந்து பிரித்துச் சொல்லப் பழைய உலோகத் தட்டுக்கு இந்த அடைமொழி தேவைப்பட்டது. தமிழில் ஃபிளாப்பியை நெகிழ்வட்டு என்றும் ஹார்ட் டிஸ்க்கை வன்வட்டு என்றும் எழுதுகிறோம். இரண்டும் நல்ல மொழியாக்கங்கள், எதிர்ச்சொல்லாகவே பொருந்துகின்றன. அதே பழக்கத்தில் எஸ்.எஸ்.டி.யைத் 'திட வட்டு' என்று எழுதும்போதுதான் பிழை நுழைகிறது. அதற்குள் வட்டே கிடையாது.

திடம் என்ற சொல்லையே நான் இங்கே தவிர்ப்பேன். அது வடமொழியின் 'த்ருட'த்திலிருந்து வந்தது என்பதற்காக அல்ல. 'மனதைத் திடப்படுத்திக்கொள்', 'பாட்டி இன்னும் திடமாக இருக்கிறார்' என்று வலிமையைச் சொல்லும் பேச்சுவழக்கு அதற்கு இருக்கிறது. திடநிலை என்றதும் வாங்குகிறவர் மனதில் உறுதிதான் தோன்றும். திண் என்ற வேரிலிருந்தும் வலிமைச் சொற்கள் பிறந்திருக்கின்றன. வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் 'திண்மம்' என்ற வடிவம் இன்று ஏறக்குறைய முழுவதும் அறிவியல் பாடத்துக்கே உரியதாகிவிட்டது. திண்மம், நீர்மம், வளிமம் என்று படித்த பிள்ளைக்கு அது பருப்பொருளின் ஒரு நிலை மட்டுமே. நமக்கு வேண்டியது அந்தப் பொருள்தான். எல்லைக்கு அப்பால் மலையாளப் பாடநூலில் திண்மத்துக்கு 'கரம்'. வடமொழியின் 'கர', கடினமானது என்று பொருள். தமிழ்க் காதில் அது கையாக விழும். கரத்தில் அடங்கும் கரம் என்று யாராவது கவிதை எழுதினால் நான் பொறுப்பல்ல.

அடுத்தது 'டிரைவ்'. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவற்றைச் சுழற்ற மோட்டார் வேண்டும். சுழற்றி இயக்கும் பகுதி டிரைவ். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை, இயக்குவதற்கும் எதுவுமில்லை. கணினி இதைப் பழைய வட்டைப் போலவே நடத்துவதால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதைத் தமிழில் 'இயக்கி' என்று அப்படியே ஆக்கி, திண்மநிலை இயக்கி என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டு காரணங்களால் எனக்கு அது பிடிக்கவில்லை. பிரிண்டருக்குப் போடும் 'டிரைவர்' மென்பொருளுக்கும் தமிழில் இயக்கி என்றுதான் பெயர். டிரைவும் டிரைவரும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாவது காரணம் எங்கள் பக்கத்துக்கு உரியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இயக்கி என்றால் இசக்கியம்மன். யட்சி என்ற வடசொல் தமிழில் இயக்கியாகி, வாய்வழக்கில் இசக்கியானது. சிலப்பதிகாரத்திலேயே பூங்கண் இயக்கி வருகிறாள். முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பொங்கலிடும் வீட்டில் 'வெளி இயக்கி வாங்கி வந்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது; அதன் முதல் வடிவம் 1984இலும், இன்று எஸ்.எஸ்.டி.களில் உள்ள நாண்ட் வகை 1987இலும் மாநாடுகளில் வெளியிடப்பட்டன. ஃபிளாஷ் என்பது வேகத்தைக் குறிக்கவில்லை. ஒரு பகுதியில் உள்ள தரவு முழுவதும் ஒரே நொடியில் அழிவதைக் கண்ட மசுவோகாவின் சக ஊழியருக்குக் கேமராவின் ஃபிளாஷ் விளக்கு நினைவுக்கு வந்ததாம். அவர் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில் ஃபிளாஷ் அடிக்கிறவர்கள் படங்களைப் போட்டுவைக்கும் பொருளின் பெயர், அழிப்பதிலிருந்து வந்திருக்கிறது! ஃபிளாஷ் நினைவகத்தை வைத்து 1991இல் சன்டிஸ்க் நிறுவனம் விற்ற எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 20 மெகாபைட். இன்றைய கேமராவின் ஒரு படம்கூட அதில் இடம் பிடிக்கத் திணறும். அந்த நிறுவனம்தான் பிறகு சான்டிஸ்க் ஆனது.

இனி வாங்கும் விஷயம். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது வேகம்: நொடிக்கு 1,000 மெகாபைட், 2,000 மெகாபைட். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் (எட்டு பிட் ஒரு பைட்) பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட் பிடிக்கும். இரண்டு கேமராக்களில் நான்கு மணி நேரம் என்றால் 360 கிகாபைட். 1,000 மெகாபைட் வேகத்தில் இதைப் படியெடுக்க ஆறே நிமிடம் போதும் என்று விளம்பரம் நினைக்கவைக்கிறது. ஆனால் மெமரி கார்டில் யு.எச்.எஸ். ஒன்று (UHS-I) என்ற குறி இருந்தால், அந்தத் தரத்தின் உச்சவரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். எவ்வளவு வேகமான எஸ்.எஸ்.டி.யில் கொண்டு கொட்டினாலும் ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். கார்டிலிருந்து இறக்கி வைக்க மட்டும் வேண்டும் என்றால் 2,000க்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். எஸ்.எஸ்.டி.யிலேயே கோப்புகளை வைத்து எடிட்டிங் செய்கிறவருக்கு 1,000 உதவும்.

2,000க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது யு.எஸ்.பி. 3.2 ஜென் 2 பெருக்கல் 2 என்ற 20 கிகாபிட் வழியைப் பயன்படுத்துகிறது. கணினியிலும் அதே வழி இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். பல மடிக்கணினிகளில் இல்லை. அப்போது அது 10 கிகாபிட்டுக்கு இறங்கி 1,000 வேகத்தில் ஓடும். கேபிளை மறந்துவிட வேண்டாம். கூடவே வந்த குட்டைக் கேபிள் தொலைந்ததும் செல்போன் சார்ஜர் கேபிளைச் செருகுகிறோம். அது யு.எஸ்.பி. 2.0 கேபிளாக இருந்தால் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. மேலே சொன்ன 360 கிகாபைட்டுக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அட்டையில் எழுதாத வேகம் ஒன்றும் இருக்கிறது. நாண்ட் நினைவகத்தின் ஓர் அறையில் மூன்று பிட்டுகளை வைப்பது டி.எல்.சி., நான்கை வைப்பது கியூ.எல்.சி. மூன்று பிட்டுக்கு மின்னூட்டத்தின் 8 நிலைகளையும், நான்குக்கு 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டும். அறை அதே அளவு, உள்ளே பாகுபாடு நுணுக்கம். அதனால் எழுதுவதும் மெதுவாகும், தேய்மானமும் கூடும். இதை மறைக்க, ஒரு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வைத்து, வருவதை முதலில் அங்கே எழுதிக்கொள்கிறார்கள். லாரியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் மளமளவென்று இறக்கிவிட்டு, பிறகு நிதானமாக உள்ளே கொண்டுபோய் அடுக்குவதைப் போன்ற ஏற்பாடு. திண்ணை நிறைந்த பிறகும் லாரி வந்துகொண்டே இருந்தால்? விலை மலிந்த கியூ.எல்.சி. பெட்டிகள் அந்தக் கட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சில கோப்புகளைத் தூக்கிப்போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 360 கிகாபைட் கொட்டுகிறவர் டி.எல்.சி. என்று உறுதிசெய்துகொண்டு வாங்குவது நல்லது. கடையில் சொல்ல மாட்டார்கள். மாடல் எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்கும்.

உறுதிக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முனை மிதக்கிறது. ஓடும்போது விழுந்தால் முனை தட்டில் இடித்து எல்லாம் போகலாம். எஸ்.எஸ்.டி.யில் அந்த ஆபத்து இல்லை. அதுவரை 'கெட்டி' என்பது உண்மை. ஆனால் கேபிள் செருகும் வாய் நெளியலாம், பற்றவைப்பு விட்டுப்போகலாம். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் ஐ.பி. குறியீட்டைப் பார்த்து வாங்குவது வீணாகாது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் பீச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும்; 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நம்ப முடியாத விலைக்கு 16 டெராபைட் என்று விற்பதைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, அளவைப் பொய்யாகக் காட்டும் பெட்டிகள் அவை. 1 டெராபைட் வாங்கி விண்டோஸ் 931 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை. அது ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1,024ஆல் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு.

தமிழ்ப் பெயருக்குத் திரும்பலாம். இயக்கியும் வட்டும் போனால் மிஞ்சுவது சேமிப்பகம். திண்மநிலைச் சேமிப்பகம் என்பதே நான் கையாளும் சொல். கணினிக்கு வெளியே இருந்தால் புறச் சேமிப்பகம், எடுத்துச்செல்லும் வகை என்றால் 'கையடக்க' என்ற அடை. தொடர் நீண்டுவிடுகிறது என்பது உண்மைதான். முதல் தடவை முழுப்பெயரை எழுதிவிட்டுப் பிறகு எஸ்.எஸ்.டி. என்றே தொடர்வதில் குற்றமில்லை. தேக்ககம் என்று எழுதுவோரும் உண்டு. அணைக்குப் பொருந்தும் அளவுக்குப் பெரிய சொல்லாக எனக்குப் படுகிறது. நாஞ்சில் நாட்டு நெல் பெட்டியான பத்தாயம் எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் இன்று கடையில் அதை யாருக்கும் விற்க முடியாது.

சேமிப்பு என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது சேமத்திலிருந்து வந்தது, சேமம் 'க்ஷேம'த்திலிருந்து. நலம், காப்பு என்று பொருள். மலையாளத்தில் க்ஷேமம் இன்றும் நல விசாரிப்புச் சொல். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்.எஸ்.டி. அந்தக் காப்பை அளவோடுதான் தருகிறது. தரவு என்பது அதில் அடைபட்ட மின்னூட்டம். மெல்ல மெல்லக் கசியும், வெப்பத்தில் விரைவாகக் கசியும். சாதாரணப் பயனருக்கான எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுள் முழுவதும் தேய்ந்துபோன நிலையில், 30 பாகை செல்சியஸில் மின்சாரம் இன்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, மின்னணுச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை. புதிய பெட்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் 2019இல் முடிந்த கல்யாணத்தின் ஒரே பிரதியை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பது சரியல்ல. வேலை நடக்கும் வரை எஸ்.எஸ்.டி., வேலை முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒவ்வொரு பிரதி, அவையும் ஒரே அலமாரியில் இல்லாமல் என்பதே விலைக்கும் காப்புக்கும் ஒத்துவருகிற ஏற்பாடு. மணமக்களுக்குக் கொடுக்கும் பிரதியை எஸ்.எஸ்.டி.யிலேயே கொடுத்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கணினியில் செருகிப் படங்களைத் திறந்து பார்க்கும்படி ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.