வீட்டுப் பின்புறம் நீச்சல் குளம்: சித்தூர் தாலுகாவில் குழி தோண்டும் முன் பார்க்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் இடம் வாங்கி முதன்முதலாக வீடு கட்டுகிறவர்களுக்கு, பின்புறம் ஒரு சின்ன நீச்சல் குளமும் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை வருகிறது. தவறில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒப்பந்ததாரர் டைல்ஸைப் பற்றியும் ஃபில்டரைப் பற்றியும் பேசுவாரே தவிர, அந்த மண் கேரள அரசின் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்று கேட்கமாட்டார். அதை உரிமையாளர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொக்லைன் வந்து நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

முதல் வேலை, வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டின் நகலை வாங்குவது. உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே ‘புரையிடம்’ என்றிருந்தால் மேட்டு நிலம். பெரிய சிக்கல் இல்லை. ‘நிலம்’ என்றிருந்தால் அது நெல்வயல் வகை. தென்னை காய்த்துக் குலுங்கினாலும், இருபது ஆண்டுகளாக அங்கே ஒரு நாற்றுகூட நடவில்லை என்றாலும், பதிவு மாறும்வரை அது நிலம்தான். பரப்பளவு ஆர் கணக்கில் இருக்கும்: 10.12 ஆர் என்றால் 25 சென்ட்.

‘நிலம்’ என்று வந்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது டேட்டா பேங்க். 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் தயாரித்த வயல் பட்டியல் அது. வில்லேஜ் ஆபீஸிலோ கிருஷி பவன் எனும் வேளாண்மை அலுவலகத்திலோ பார்க்கலாம். உங்கள் சர்வே எண் அதில் இருந்தால் குளம் தோண்ட வழியில்லை. சொந்தமாக வேறு தகுந்த இடமே இல்லாதவர் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை அனுமதி கேட்க இந்தச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சலுகையைக் காட்டி நீச்சல் குளம் வெட்ட முடியாது, முயலவும் வேண்டாம். மீறினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம். மாவட்ட ஆட்சியர் வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, செலவை உங்களிடமே வசூலிக்கவும் அதிகாரம் உண்டு. 2008க்கு முன்பே மேடாகிவிட்ட இடம் தவறாகப் பட்டியலில் சேர்ந்திருந்தால், நீக்கக் கோரிப் படிவம் 5இல் விண்ணப்பிக்கலாம்.

பதிவேட்டில் நிலம், ஆனால் டேட்டா பேங்கில் இல்லை என்றால், 2018 திருத்தத்தில் வந்த 27ஏ பிரிவின்படி தரம் மாற்றிக்கொள்ளலாம், அதாவது பதிவேட்டில் ‘நிலம்’ என்ற வகையை மாற்றிக்கொள்ளலாம். 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் பதிவு செய்தால் விண்ணப்பம் ஆர்.டி.ஓ.வுக்கோ (வருவாய்க் கோட்ட அதிகாரி) அதிகாரம் பெற்ற துணை ஆட்சியருக்கோ போகும். 25 சென்ட் வரை தரம் மாற்றக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டி ஒரு ஏக்கர் வரை நிலத்துக்கு அரசு நிர்ணயித்த நியாய மதிப்பில் 10 சதவீதம். முதல் 25 சென்டைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கட்டினால் போதும் என்று சில இடைத்தரகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முழுப் பரப்புக்கும் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 30.12.2017க்குப் பிறகு பெரிய இடத்தைத் துண்டு போட்டு 25 சென்டாக்கியிருந்தாலும் சலுகை கிடைக்காது. ஆகவே வாங்கும் முன்பே மூலப் பத்திரத்தைப் பாருங்கள்.

இடம் சரியாகிவிட்டால் கட்டட அனுமதி. 2019ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி, உரிமம் பெற்ற பொறியாளர் மூலம் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளத்தில் வரைபடம் கொடுக்க வேண்டும். வீட்டை மட்டும் காட்டி அனுமதி வாங்கிவிட்டுக் குளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குளம், கிணறு, செப்டிக் டேங்க், எல்லைச் சுவர் நான்கும் ஒரே வரைபடத்தில் அளவோடு இருக்கட்டும். ஃபில்டர் கழுவிய நீருக்கு உறிஞ்சு குழி வைத்தால், உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் ஏழரை மீட்டருக்கு அப்பால் வைக்கச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணை உங்கள் இடத்திலேயே நிரவிவிடுவது நல்லது. அரசு தரும் அனுமதிச் சீட்டான பாஸ் இல்லாமல் லாரியில் வெளியே அனுப்பினால் வண்டி பறிமுதலாகும்.

இனி தண்ணீர். என் மனத்தில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள குளம் 40,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்று வந்தும் நிரம்பாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் தை, மாசியில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால்கூட 160 லிட்டர் போய்விடும். சித்தூர் வட்டாரமோ 2002ஆம் ஆண்டின் கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பகுதி. குளத்துக்காகப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடவும், இருக்கும் கிணற்றில் மோட்டார் பொருத்தி இறைக்கும் கிணறாக மாற்றவும் நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2004இல் மூடியது, இதே மண்ணின் கிணறுகளுக்காக மக்கள் நடத்திய போராட்டத்தால்தான். ஒரு வீட்டுக் குளத்தை அதோடு ஒப்பிட முடியாது. என்றாலும், பங்குனியில் பக்கத்து வீட்டார் குடத்தோடு குழாயடியில் நிற்கும்போது உங்கள் மோட்டார் குளத்துக்காக ஓடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூரையில் விழும் மழைநீரை வடிகட்டிக் குளத்துக்குத் திருப்புங்கள். 200 சதுர மீட்டர் கூரையில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி அதே 40,000 லிட்டர். கோடையில் மூடி போட்டு வையுங்கள். ஆண்டுதோறும் காலி செய்ய வேண்டாம். குளோரின் அளவையும் கார அமிலத் தன்மையையும் வாரந்தோறும் சோதித்தால் நீரை நீண்ட நாள் வைத்துக்கொள்ளலாம்.

மலையாளம் எழுதத் தெரியாததால் இடைத்தரகரிடம் பணம் கொடுக்கிறவர்கள் இங்கே உண்டு. தேவையே இல்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 3ஆம் பிரிவின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். கவுண்டரில் மறுத்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.