ஜாம்பி 'இறவாதவர்' அல்ல, நடைப்பிணம்

மேக்ஸ் புரூக்ஸ் 2006-இல் வெளியிட்ட 'வேர்ல்ட் வார் இசட்' என்ற ஜாம்பி நாவலைப் பற்றிச் சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசினோம். செத்த பிறகும் எழுந்து நடந்து மனிதரைக் கடிக்கும் பிணங்கள்தான் ஜாம்பிகள்; அவற்றோடு மனிதர் நடத்தும் போர்தான் கதை. கதாநாயகன் என்று ஒருவர் இல்லாமல், போரில் பிழைத்தவர்களின் பேட்டிகளாகவே கதை நகர்வது ஒருவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னொருவருக்கு அதுவே குறை: சீன மருத்துவர் பேசினாலும் அமெரிக்கச் சிப்பாய் பேசினாலும் ஒரே குரல்தான் கேட்கிறது என்றார். மூன்றாமவர் 2013-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர். படத்தில் பாய்ந்து ஓடிய ஜாம்பிகள் நாவலில் தள்ளாடி நடப்பதில் அவருக்கு ஏமாற்றம். எல்லாமே நியாயமான கருத்துகள். ஆனால் மூவர் வாயிலும் ஒரே சொல்: இறவாதவர். 'இறவாதவர்கள் நகரைச் சூழ்கிறார்கள்', 'இறவாதோர் படை'. இந்தச் சொல்லை வசன வரிகளில் பார்த்திருக்கிறேன், மொழிபெயர்ப்புகளில் பார்த்திருக்கிறேன், இப்போது பேச்சிலும் வந்துவிட்டது.

ஜாம்பி என்ற சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழியில் 'ன்சாம்பி' என்றால் இறைவன். அதையும் அதன் உறவுச் சொற்களையும் ஜாம்பியின் வேர் என்று காட்டுவார்கள். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களோடு சொல் கடல் கடந்து, கரீபிய நாடான ஹெய்ட்டியின் கிரியோல் மொழியில் 'சோன்பி' ஆனது. 1929-இல் வில்லியம் சீபுரூக் ஹெய்ட்டியைப் பற்றி எழுதிய பயண நூல் அதை அமெரிக்க வாசகர்களிடம் பரப்பியது. மனிதரைத் தின்னும் பிணக்கூட்டம் என்ற இன்றைய பொருளுக்கு வழிவிட்டது 1968-இல் வந்த ஜார்ஜ் ரொமேரோவின் படம். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது.

சரி, 'இறவாதவர்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'அன்டெட்' என்று இன்னொரு பெயர் உண்டு. அதன் முன்னொட்டை எதிர்மறை என்று எடுத்துக்கொண்டு, இற + ஆ + தவர் என்று யாரோ அடுக்கிவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லின் பொருள் 'இறக்கவில்லை' என்பதல்ல. இறந்தும் அடங்கவில்லை என்பது. நம் எதிர்மறை இடைநிலைக்கு அந்த வேலை தெரியாது. இறவாதவர் என்றால் இறக்காதவர், இறப்பே இல்லாதவர். வேறு பொருள் கிடையாது. நாவலில் வருபவையோ செத்தவை. செத்ததுதான் அவற்றின் முதல் தகுதி.

பொருள் தவறு என்பது ஒரு பாதி. மறு பாதி எனக்கு இன்னும் வலிக்கிறது. தமிழில் சாவாமை என்பது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பேறு. 'சாவா மருந்தெனினும்' என்று வள்ளுவர் சொல்வது அமிழ்தத்தை. வள்ளலார் அழைத்தது மரணமிலாப் பெருவாழ்வுக்கு. 'இறவாத இன்ப அன்பு' வேண்டிக் காரைக்கால் அம்மையார் சிவன் முன் நின்றதைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுகிறோமே, அதன் நேர்ப்பொருளும் இறவாதவர்தான். தாத்தாவின் படத்துக்கு மேல் நாம் மரியாதையாக எழுதும் சொல்லை, அழுகிய வாயோடு அக்கம்பக்கத்தாரைக் கடிக்க வரும் உடலுக்குச் சூட்டியிருக்கிறோம். மொழிபெயர்த்தவர் அகராதியைத்தான் பார்த்திருக்கிறார், தமிழ்ச் சொல் எந்தெந்த வீட்டில் புழங்குகிறது என்று பார்க்கவில்லை.

'பேய்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நேர்த் தலைகீழ். பேய் என்றால் உடலை விட்ட உயிர். ஜாம்பி உயிர் விட்ட உடல். அம்மையார் பேய் வடிவம் கேட்டபோது 'ஊனடை வனப்பை எல்லாம்' உதறினார் என்பது சேக்கிழார் வாக்கு. ஜாம்பியிடம் ஊனைத் தவிர வேறெதுவும் இல்லை. கலிங்கத்துப்பரணியின் பேய்களைப் பாருங்கள்: பசிக்கிறது என்று காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன, ஒன்றையொன்று விருந்துக்கு அழைக்கின்றன. அவ்வளவு பேச்சும் அறிவும் உள்ளவை. வேதாளம் பிணத்துக்குள் புகுந்திருப்பதால் கொஞ்சம் நெருங்கி வருகிறது என்பார்கள். ஆனால் அது விக்கிரமாதித்தனுக்கே விடுகதை போடுகிறது. புரூக்ஸின் நாவலில் யோங்கர்ஸ் போர்க்களத்தில் அமெரிக்கப் படை தோற்பது எதனால்? எதிரியைத் திகைக்க வைத்து ஓடச் செய்யும் ஆயுதங்கள், திகைக்க மனமே இல்லாத எதிரியிடம் பலிக்கவில்லை. பேய் என்று மொழிபெயர்த்தால் அந்த அத்தியாயத்தின் உயிர்நாடி போய்விடும்.

அப்படியே எழுத்துப் பெயர்க்கலாம் என்றால் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஜாம்பி என்பது புரிகிற சொல். கிரந்தம் வேண்டாம் என்று 'சோம்பி' என்று எழுதுபவர்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சோம்பித் திரியேல்' என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். 'சோம்பி வந்தான்' என்று எழுதினால் யார் என்ன செய்ததாகப் படிப்பது? நானும் கூடியவரை கிரந்தம் தவிர்ப்பவன்தான், ஆனால் தூய்மைக்காகப் பொருளைக் குழப்பக் கூடாது.

நம்மிடம் நடைப்பிணம் இருக்கிறது. யாரும் உருவாக்கித் தர வேண்டியதில்லை, பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியும். நடக்கிறது, பிணம், ஜாம்பியின் இலக்கணம் அந்த இரண்டும்தான். 'அது உயிரோடு இருப்பவரைக் குறிக்கும் சொல்லாயிற்றே, பிள்ளையை இழந்தவள் நடைப்பிணமாக இருக்கிறாள் என்கிறோமே' என்று வட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில்: அதனால்தான் அது இன்னும் பொருந்துகிறது.

ஹெய்ட்டியில் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. பொக்கோர் எனப்படும் மந்திரவாதி, செத்தவரை எழுப்பித் தனக்கு வேலை செய்ய வைக்கிறான் என்பதுதான் அந்த ஊர் நம்பிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவில் நடத்திய கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். செத்தால் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என்று நம்பியவர்களுக்கு, செத்த பிறகும் விடுதலை இல்லாமல் தோட்டத்தில் உழைப்பதைவிடப் பெரிய பயம் வேறு இருக்க முடியாது. 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் நாடு விடுதலை பெற்றது. பயம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. அங்கே மக்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாம் ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் அதிகம் அஞ்சினார்கள். தன் விருப்பம் பறிபோய் உடல் மட்டும் நடமாடும் அந்தத் துயரத்தைத் தமிழில் நடைப்பிணம் ஏற்கெனவே சுமக்கிறது. ஆங்கிலச் சொல் அமெரிக்கத் திரையில் தொலைத்துவிட்ட பாதியை நம் சொல் தொலைக்கவில்லை.

கூடவே வரும் 'அப்பாகலிப்ஸ்' பற்றியும் இரண்டு வரி. கிரேக்கத்தில் அதற்குத் திரை விலக்குதல் என்று பொருள்; தமிழ் விவிலியத்தில் கடைசி நூல் 'திருவெளிப்பாடு' ஆனது அப்படித்தான். உலக முடிவு என்ற இன்றைய பொருளுக்கு 'ஊழி' போதும். 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்ற குறள் இருக்க, 'ஜாம்பி பேரழிவு நாவல்' என்று எழுதுவது ஏன்? யானை அழிவு என்றால் யானைகள் அழிவது. ஜாம்பி பேரழிவு என்றால் ஜாம்பிகள் அல்லவா அழிந்துபோகின்றன! நடைப்பிண ஊழி என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் நண்பரின் கேள்வி என்னைத் தடுக்கத்தான் செய்கிறது. நாவலில் சிலர் அச்சத்தில் மனம் முறிந்து, உயிரோடு இருக்கும்போதே தள்ளாடி நடந்து, முனகி, மற்றவர்களைக் கடிக்கிறார்கள். உண்மையான பிணங்கள் அவர்களையும் விடாமல் தின்கின்றன. நாஜிகளோடு கைகோத்த நார்வேக்காரர் குவிஸ்லிங்கின் பெயரால் நாவல் அவர்களை அழைக்கிறது. வட்டத்தில் உடனே 'எட்டப்பன்' என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, தங்களையே இழந்துவிட்டார்கள். நடைப்பிணம் என்றும் இங்கே போட முடியாது, இரண்டும் கலந்துவிடும். சாமி வந்து ஆடுபவரைச் சாமியாடி என்கிறோம். அந்த வழியில் இவர்களைப் 'பிணமாடி' என்று அழைக்கலாம் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.