மென்பொருள் படிவளர்ச்சி: ஒரு சொல் விளக்கம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ‘சாஃப்ட்வேர் எவல்யூஷன்’ என்ற தொடர் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ (மாற்றக் கோரிக்கை), ‘என்ஹான்ஸ்மென்ட்’ (மேம்பாடு), ‘லெகசி’ (இன்னும் புழங்கும் பழைய மென்பொருள்) என்றே அன்றாடப் பேச்சு நடக்கிறது. இத்தகைய வேலைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒரு பெரிய மென்பொருளை எப்படி உருமாற்றுகின்றன என்பதைக் குறிக்கும் கலைச்சொல்தான் எவல்யூஷன்.

இலத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குச் சுருட்டி வைத்ததை விரித்தல் என்று பொருள். ஏட்டுச்சுருளை விரித்துப் படிப்பதற்கும் அது வழங்கியது. சுருளில் எழுத்து முன்பே இருக்கும், விரிப்பவர் எதையும் சேர்ப்பதில்லை. மென்பொருளுக்கு இது பொருந்தாது. தியாகராய நகர்ப் பாத்திரக்கடை ஒன்றின் பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் எழுதப்பட்டதில் வரிக்கு ஒரே கட்டம் இருந்திருக்கும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் தனித்தனிக் கட்டங்களும், 15 எழுத்தெண்கள் கொண்ட பதிவெண்ணும் தேவைப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் வரி விகிதம் மாறியது. ஆனால் அதற்கு முன் விற்ற பாத்திரம் திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதால், பழையதை அழிக்கவும் வழியில்லை. நிரலில் பிழை ஏதும் இல்லாமலேயே அது மாற வேண்டியதாயிற்று, மாறிய ஒவ்வொரு முறையும் சிக்கலானது.

இந்த இரண்டையும் விதிகளாக வகுத்தவர் மெயிர் லேமன் (Meir Lehman) என்ற கணினி அறிவியலாளர். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளம் வெளியீட்டுக்கு வெளியீடு எப்படி வளர்ந்தது என்பதை லாஸ்லோ பெலாடியுடன் சேர்ந்து ஆராய்ந்த அவர், உலகில் புழங்கும் மென்பொருள் இடைவிடாது மாற்றப்படாவிட்டால் பயன் குன்றும் என்றும், சிக்கலைக் குறைக்கத் தனியே உழைக்காவிட்டால் அது கூடிக்கொண்டே போகும் என்றும் 1970களில் எழுதினார்.

தமிழில் எவல்யூஷனுக்குப் பரிணாமம், படிமலர்ச்சி, கூர்ப்பு, படிவளர்ச்சி எனப் பல சொற்கள் உள்ளன. இலங்கைப் பாடநூல்களில் உயிரியலுக்கு வழங்கும் கூர்ப்பு பழஞ்சொல். ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்கிறது தொல்காப்பியம். உள்ளது மிகுதல் என்ற அப்பொருள் அழகுதான் என்றாலும், கூர்மையை நினைவூட்டும் சொல்லை நாளுக்கு நாள் குழம்பும் நிரலுக்கு இடுவது எனக்கு உறுத்துகிறது. படிமலர்ச்சியில் உள்ள ‘மலர்ச்சி’யும் லேமன் தராத நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. பரிணாமத்தில் பொருட்குறை இல்லை, ஆனால் அது வடசொல். செய்பவர் இன்றித் தானே நிகழ்வது போன்ற தொனியும் அதற்கு உண்டு.

ஆகவே ‘மென்பொருள் படிவளர்ச்சி’ என்பதே என் தேர்வு. படி என்பது படிக்கட்டையும் குறிக்கும், நகலையும் குறிக்கும். முந்தைய வெளியீட்டின் நகலைத் திருத்தியே அடுத்த வெளியீட்டைச் செய்கிறோம் என்பதால் இரு பொருளும் இங்கே ஒட்டுகின்றன. நிரல் வரிகளின் எண்ணிக்கை கூடுவதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் இதைப் பயன்படுத்தாமல் ‘பெருக்கம்’ என்று எழுதலாம். பழுது நீக்குவதற்குப் ‘பராமரிப்பு’ இருக்கிறது.