தைப்பிங்குக்கு ஒரு ரேட், பட்டர்வொர்த்துக்கு ஒரு ரேட் என்று எதுவும் இல்லை

"அண்ணே, தைப்பிங்ல என் தங்கச்சிக்கு எண்பது வெள்ளிதான் (ரிங்கிட்) பில் வருது. இங்க பட்டர்வொர்த்ல எனக்கு இருநூத்தி அம்பது. ரெண்டுமே மூணு ரூம் வீடு. பினாங்குல ரேட்டு ஜாஸ்தி, அப்படித்தானே?"

அப்படி இல்லை. வயரிங் பார்க்கப் போகும் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பினாங்கில் இருப்பவர் ஈப்போவைக் காட்டுகிறார், கோலாலம்பூரில் இருப்பவர் சிரம்பானைக் காட்டுகிறார். எல்லாருக்கும் "ஏரியா ரேட்" என்று ஒன்று இருப்பதாக ஒரு நம்பிக்கை. பினாங்குத் தீவில் ஒன்று, எதிர்க்கரை செபராங் பிறையில் ஒன்று, கம்பத்தில் (கிராமத்தில்) ஒன்று என்று.

பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை மலேசியத் தீபகற்பம் முழுவதும் வீடுகளுக்கு மின்சாரம் தருவது தெனாகா நேஷனல் நிறுவனம். வீட்டுக் கட்டண அட்டவணையும் ஒன்றே ஒன்றுதான். ஜார்ஜ்டவுன் கொண்டோவுக்கும் சுங்கை சிப்புட் தோட்ட வீட்டுக்கும் யூனிட் விலையில் ஒரு சென் வித்தியாசம் கிடையாது. (கூலிம் ஹைடெக் பார்க் போன்ற ஓரிரு இடங்கள் விதிவிலக்கு. அங்கே வேறு நிறுவனம் விநியோகிக்கிறது. கேள்வி கேட்பவர் யாரும் அங்கே குடியிருப்பதில்லை.)

அப்படியானால் தங்கச்சிக்கு ஏன் எண்பது? பில்லில் உள்ள வெள்ளியை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். கிலோவாட்-மணி என்று போட்டிருக்கும் எண்தான் யூனிட்.

1 ஜூலை 2025 முதல் வந்த அட்டவணைப்படி, மாதம் 1,500 யூனிட் வரை எரிக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட்டில் மூன்று செலவுகள் சேர்கின்றன: எரிசக்திக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55 சென், கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென். மொத்தம் 44.43 சென். இதிலிருந்துதான் கழிவு வருகிறது. பில்லில் இன்செந்திஃப் செக்காப் தெனாகா என்று மலாயில் இருக்கும். பெரும்பாலோர் கவனிக்காத வரி அதுதான். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 301 முதல் 350 வரை 21 சென். 451 முதல் 500 வரை 12 சென். 551 முதல் 600 வரை 9 சென். 601ஐத் தொட்டால் 7.5 சென். அதற்கு மேல் இன்னும் குறைந்துகொண்டே போகும். 1,000ஐத் தாண்டினால் கழிவே இல்லை.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பழைய அட்டவணையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 என்று படிப்படியாக ஏறும். மேல் படிக்குப் போனாலும் கீழ்ப்படியின் மலிவு விலை நம் கையில் இருக்கும். இப்போது அப்படி இல்லை. எந்தக் கட்டத்தில் மாதம் முடிகிறதோ, அந்தக் கட்டத்தின் கழிவுதான் மொத்த யூனிட்டுக்கும். ஒரு கட்டம் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும்.

தங்கச்சி வீட்டில் 345 யூனிட். 44.43இல் 21 போனால் 23.43 சென், ஆக 80.83 வெள்ளி. கேள்வி கேட்டவர் வீட்டில் 640 யூனிட். யூனிட் 36.93 சென், 236.35 வெள்ளி. அதோடு 600 தாண்டியதற்கு மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம். ஆக 246.35. எரித்தது இரண்டு மடங்குகூட இல்லை, பில் மூன்று மடங்கு. இதில் தைப்பிங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த 600 என்ற கோட்டைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 600 யூனிட்டுக்கு 212.58 வெள்ளி. 605 யூனிட்டுக்கு 233.43. ஐந்து யூனிட்டுக்கு இருபது வெள்ளிக்கு மேல். அதன் பிறகு 600க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் ஏ.எஃப்.ஏ. என்ற சரிக்கட்டலும் 600 தாண்டியவர்களுக்குத்தான். அது ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் 1.6 விழுக்காடு 300 யூனிட்டைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. மேலே நான் போட்ட கணக்கில் இந்த மூன்றையும் சேர்க்கவில்லை.

கூட்டுக் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மாடியில் அண்ணன், கீழே தம்பி, இரண்டுக்கும் ஒரே மீட்டர். ஆளுக்கு 350 யூனிட், மீட்டரில் 700. பில் 282.51 வெள்ளி. அதே இரண்டு குடும்பமும் தனித்தனி மீட்டரில் இருந்தால் ஆளுக்கு 82.01, சேர்த்தால் 164.02. வரிகளை விட்டாலும் மாதம் 118 வெள்ளி போகிறது. ஜெலுத்தோங், டத்தோ கிராமாட் பக்கம் கடைவீட்டு மாடியில் அறை அறையாக வாடகைக்கு இருப்பவர்கள் நிலையும் இதுதான். "நாங்க ரெண்டே பேர், பேன் மட்டும்தான் போடுறோம்" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கீழ்க்கடையின் ஐஸ்பெட்டியும் அதே மீட்டரில் ஓடினால், மலிவான கட்டம் உங்கள் கண்ணில் படாது. இடம் முறைப்படி இரண்டு தனி வீடாகப் பிரிந்திருந்தால், பதிவு பெற்ற மின் குத்தகையாளர் வழியாக இரண்டாவது மீட்டருக்குத் தெனாகாவிடம் விண்ணப்பிக்கலாம். நீங்களே ஒரு கேபிள் இழுத்துக் கொள்வது விண்ணப்பம் ஆகாது.

சரி, ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. விலையில் அல்ல, எரிப்பதில்.

கேமரன் மலையில் ஏர்கோன் தேவையில்லை. அங்கே யூனிட்டைத் தின்பது சுடுநீர். உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட் இழுக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். ஐந்து பேர் காலையும் மாலையும் குளித்தால் நாளுக்கு 6, மாதத்துக்கு 180 யூனிட். அந்த ஹீட்டரைப் பினாங்கிலும் மாட்டிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசி அளவு வரை திருப்பிக் குளிப்பவர்களை என்ன சொல்ல.

வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் வெயில் வறட்சியாக அடிக்கும். நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 9 ஏப்ரல் 1998இல் 40.1 பாகை, பெர்லிஸில் உள்ள சூப்பிங்கில்தான். அந்த மாதங்களில் பெர்லிஸ், கெடா, பினாங்கு வீடுகளில் ஏர்கோன் கம்ப்ரசர் ஓய்வே எடுக்காது. சாதாரண ஒன்றரை குதிரைத்திறன் ஏர்கோன் கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 1.2 கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேர இரவில் அது முக்கால்வாசி நேரம் ஓடினால் 7 யூனிட், மாதம் 210. இரண்டு அறை என்றால் அங்கேயே 420. மழை ஊரான தைப்பிங்கில் ராத்திரி ஜன்னலைத் திறந்து பேன் போட்டுப் படுக்கலாம். தங்கச்சியின் ரகசியம் அவ்வளவுதான்.

ஒரே ஊருக்குள்ளும் வீட்டுக்கு வீடு மாறும். மேற்குப் பார்த்த கொண்டோவின் சுவர் மாலை ஆறு மணி வரை வெயில் குடித்து, நடுராத்திரி வரை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் கடைசித் தளமும் அப்படியே. கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங், பட்டர்வொர்த் கடற்கரைப் பக்கம் வெளியில் மாட்டியிருக்கும் ஏர்கோன் பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று அரித்துவிடும். விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. வீட்டுக்காரர் 16க்கு இறக்குவார். 16இல் வைத்தால் சீக்கிரம் குளிராது ஐயா. சாதாரண ஏர்கோன் 24 வைத்தாலும் 16 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரவைக்கும். 16இல் வைத்தால் நிற்காது, அவ்வளவுதான். 25இல் வையுங்கள், பேனைச் சுழல விடுங்கள், பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தகடு பொடியாகிவிட்டதென்றால் எத்தனை தடவை கெமிக்கல் வாஷ் செய்தாலும் பயனில்லை, பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.

கடல் தாண்டினால் விலையே மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன். சபாவில் வேறு நிறுவனம், வேறு அட்டவணை. சரவாக்கிலும் அப்படியே. சரவாக்கில் முதல் 150 யூனிட்டுக்கு 18 சென், எவ்வளவு எரித்தாலும் உச்சப் படி 31.5 சென்தான். காரணம் தண்ணீர். பாக்குன் அணை மட்டும் 2,400 மெகாவாட், மூரும் அணை 944 மெகாவாட். இங்கே நாம் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்கிறோம். ஆனால் கூச்சிங்கில் வேலை செய்யும் மகன் சொன்னதை வைத்துப் பெருமூச்சு விடுவதற்கு முன், 150 யூனிட்டுக்குக் கணக்குப் போடுங்கள். அங்கே 27 வெள்ளி, இங்கே கழிவு போக 29.15. சிக்கனமான வீட்டுக்கு வித்தியாசம் இரண்டு வெள்ளிதான். அதிகம் எரிப்பவருக்குத்தான் சரவாக் சொர்க்கம்.

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு "அங்க நூறு யூனிட் சும்மாவாம்" என்பவர்களுக்கு ஒரே வரி: அங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அவர்கள் சொல்லும் நூறு யூனிட் நம் கணக்கில் மாதம் 50.

ஆக, பில்லை ஒப்பிடுவதென்றால் இரண்டு பில்லிலும் யூனிட்டை நாளால் வகுத்துப் பாருங்கள். கணக்கெடுத்த நாட்கள் 28ஆகவும் இருக்கலாம், 33ஆகவும் இருக்கலாம். நாளுக்கு 20 யூனிட்டுக்குள் இருந்தால் 30 நாள் பில் 600க்குள் நிற்கும். பழைய மீட்டர்காரர்கள் அது மதிப்பீட்டு பில்லா என்றும் பார்க்க வேண்டும். கேட்டைப் பூட்டி நாயையும் அவிழ்த்து விட்டிருந்தால், கணக்கெடுப்பவர் எப்படி உள்ளே வருவார்? ஒரு மாதம் குறைத்து மதிப்பிட்டால் அடுத்த மாதம் சேர்ந்து வந்து விழும்.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் தெனாகாவின் மைடிஎன்பி செயலியில் தினசரி யூனிட் தெரியும். இருபதாம் நாளே 420ஐத் தொட்டுவிட்டதென்றால் மீதிப் பத்து நாளுக்கு ஒரு அறை ஏர்கோனை நிறுத்துங்கள். நேரவாரிக் கட்டணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 முதல் இரவு 10 வரை எரிசக்திக்கு 28.52 சென், மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளும் 24.43. பகலில் வீட்டில் ஆள் இல்லாமல், இரவு பத்துக்கு மேல் ஏர்கோன் போடும் குடும்பத்துக்கு இது ஒத்து வரும். 500 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு உச்ச நேரத்தில் என்றால் மாதம் ஆறு வெள்ளி மிஞ்சும். பெரிய தொகை அல்ல, ஆனால் செலவில்லாமல் வருவது. நாள் முழுக்க ஆட்கள் இருந்து மாலையிலேயே சமையல், துணி துவைப்பு, ஏர்கோன் எல்லாம் ஓடும் வீடு இதைத் தொடவேண்டாம்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று இணையத்தில் விற்கும் பச்சை விளக்குப் பெட்டியை வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டரும் ஒரு எல்இடியும்தான் இருக்கும். கெப்பாசிட்டர் சரிசெய்யும் விஷயத்துக்கு வீட்டு மீட்டர் காசே வாங்குவதில்லை. பிறகு எதைக் குறைக்கும்? அதைவிட மோசம், மீட்டரை "மெதுவாக்கி" தருகிறேன் என்று வரும் ஆள். 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் பழைய பாக்கி அவனுக்குப் போகாது, பில்லில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். மீட்டர் பெட்டிக்குள் கைவைத்த வீடுகளில் முனைகள் கருகி, கேபிள் உருகிக் கிடக்கும். தயவுசெய்து வேண்டாம். குழந்தைகள் தூங்கும் வீடு.

யூனிட் நிஜமாகவே புரியாமல் ஏறுகிறதா? இரவில் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள், ஐஸ்பெட்டி பிளக்கையும் கழற்றுங்கள். மீட்டரில் சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். சிமிட்டாவிட்டால் கசிவு இல்லை, எரிப்பவர் நீங்கள்தான். சிமிட்டினால், டிபி பாக்ஸில் (வீட்டு பிரேக்கர் பெட்டியில்) உள்ள சின்ன பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் சிமிட்டல் நிற்கிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். பெரும்பாலும் மறந்துபோன தோட்ட விளக்கு, அணைக்காத சேமிப்பு ஹீட்டர், அல்லது குழாய்க் கசிவால் விட்டு விட்டு ஓடும் தண்ணீர் பம்பு. எல்லாச் சின்ன பிரேக்கரையும் இறக்கிய பிறகும் சிமிட்டல் தொடர்ந்தால், டிபி பாக்ஸுக்கு வருவதற்கு முன்பே யாரோ உங்கள் மீட்டரிலிருந்து கம்பி இழுத்திருக்கலாம். பழைய கடைவீடுகளில் மாடிப்படி விளக்கு வாடகைக்காரர் மீட்டரில் மாட்டியிருப்பது உண்டு. அந்தக் கம்பியை நீங்கள் தொடாதீர்கள். மெயினை இறக்கினாலும் அதில் கரண்டு இருக்கும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது ஆறு மாத பில்லை எடுத்து வையுங்கள். தங்கச்சி பில் வேண்டாம்.