கோடிட்ட இடத்தில் முழு மதிப்பெண், கட்டுரையில் பத்துப் பிழை: சீனப்பள்ளி மாணவர்களின் ஆங்கிலம்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் ஆங்கிலம் நடத்தும் தமிழர்கள் ஏராளம். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் தேசிய வகை சீனப்பள்ளியில் ஆறு ஆண்டு மாண்டரினில் படித்தவர்கள். மலாய் மொழி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்துவிட்டுப் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-க்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. இவர்களின் விடைத்தாளில் அடிக்கடி காணும் புதிர் ஒன்று. பயிற்சி நூலில் 'கோ' என்ற வினையைக் கொடுத்துக் கோடு போட்டிருந்தால் 'வென்ட்' என்று சரியாக எழுதுவார். அதே மாணவர் அடுத்த பக்கத்துக் கட்டுரையில் 'யெஸ்டர்டே மை மதர் கோ டு த மார்க்கெட்' என்பார். பெற்றோர் இதைக் கவனக்குறைவு என்று திட்டி, இன்னொரு பயிற்சி நூல் வாங்கித் தருகிறார்கள். அதிலும் கோடுகள்தான்.

கோடு என்பதே பாதி விடை. 'இங்கே பார், இங்கே ஏதோ மாற வேண்டும்' என்று அது சொல்லிவிடுகிறது. கட்டுரையில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இந்த மாணவருக்கு விதி தெரியும். அந்த விதி எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதுதான் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவருடைய தாய்மொழி அந்த இடத்தில் எதையும் கேட்பதில்லை.

காலத்தை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் வினைச்சொல் உருமாறாது. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் காலம் தெரிந்துவிட்டது. வினையில் அதை மறுபடி காட்டத் தேவையில்லை. செயல் முடிந்ததைக் காட்ட 'லெ' என்ற ஒட்டு உண்டு. பல ஆசிரியர்கள் 'லெ' வந்தால் இறந்தகாலம் போடு என்று சுருக்குவழி சொல்லித் தருகிறார்கள். இது பெரிய கேடு. 'லெ' முடிவைக் காட்டுமே தவிர இறந்தகாலத்தைக் காட்டாது. 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்' என்பதிலும் அது வரும். நேர்மாறாக, 'சின்ன வயதில் எனக்கு மீன் பிடிக்கும்' போன்ற வாக்கியத்தில் வராது. அதனால்தான் 'புரோக்', 'ஃபெல்', 'பாட்' போன்ற செயல்வினைகளைச் சரியாக எழுதும் மாணவர் அதே பத்தியில் 'ஐ லைக் ஃபிஷ் வென் ஐ வாஸ் ஸ்மால்' என்று எழுதுகிறார். லைக், வான்ட், லிவ், ஹேவ், நோ போன்ற நிலை காட்டும் வினைகளில்தான் அவருடைய இறந்தகாலம் விடுபடும். திருத்தும்போது முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது பெயர்ச்சொல். சீனத்தில் 'மூன்று புத்தகம்' என்பது 'சான் பென் ஷூ'. 'சான்' மூன்று, 'ஷூ' புத்தகம், நடுவில் நிற்கும் 'பென்' பொருளை எண்ணும்போது சேர்க்கும் அளவுச்சொல். அங்கே எந்தப் பெயரையும் நேராக எண்ண முடியாது. நாம் ஆங்கிலத்தில் 'த்ரீ பீசஸ் ஆஃப் பேப்பர்' என்கிறோமே, சீனம் பேசுபவருக்கு உலகத்துப் பொருள்கள் எல்லாமே அந்தப் பேப்பர் மாதிரிதான். பன்மை 'எஸ்' அவருக்குத் தேவையற்ற வால். ஆகவே அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றை 'எ பீஸ் ஆஃப்' சேர்த்துக் கற்பித்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார். அது அவருடைய ஊர் வழக்கம். தகராறு எண்ணக்கூடிய பெயர்களில்தான்.

எ, ஆன், த என்னும் ஆர்ட்டிகிளுக்கு இருபது விதி சொல்வதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு விதியை ஒரு பருவம் முழுக்கப் பிடியுங்கள்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது. முன்னால் எ, ஆன், த, மை, திஸ் என ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் 'எஸ்' சேர்ந்து பன்மையாக வேண்டும். 'எ'யா 'த'யா என்பது அப்புறம். 'பை பஸ்', 'அட் ஹோம்' போன்ற விலக்குகள் தாமாக வரும்போது சொன்னால் போதும். இந்த ஒன்று பிடிபட்டாலே ஆர்ட்டிகிள் விடுபடுவது பெருமளவு நின்றுவிடும்.

இணைப்புச் சொற்களில் வரும் பிழை வேறு வகை. சீனத்தில் 'யின்வெய்' என்று தொடங்கினால் 'சுவோயி' என்று முடிப்பார்கள். 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷி' வரும். அதை அப்படியே கொண்டுவந்து 'பிகாஸ் இட் ரெயின்ட், ஸோ வீ ஸ்டேய்ட் ஹோம்', 'ஆல்தோ ஹீ வாஸ் டயர்ட், பட் ஹீ கன்டின்யூட்' என்று இரண்டையும் போடுவார்கள். இங்கே எண்கணக்கு உதவும். வாக்கியத்தில் காலம் காட்டும் வினை எத்தனை என்று எண்ணு. அதில் ஒன்றைக் கழி. அத்தனை இணைப்புச் சொல்தான் இருக்கலாம். இரண்டு வினைக்கு ஒரு இணைப்பு. 'பிகாஸ்', 'ஸோ' இரண்டும் இருந்தால் ஒன்று கூடுதல். கணக்கு குறைந்தாலும் பிடிபடும்: சீனத்தில் காற்புள்ளி போட்டே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போகலாம், ஆகவே மூன்று வினை, மூன்று காற்புள்ளி, இணைப்பே இல்லாத வாக்கியம் சாதாரணமாக வரும். சில இடங்களில் 'தட்' என்னும் இணைப்பு எழுதப்படாமல் மறைந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர்களான பிள்ளைகளுக்கு இந்த முறை பிடித்துப்போகிறது.

'ஹியர் காட் மெனி பீப்பிள்' என்பது மலேசியாவுக்கே உரியது. சீன 'யோ', மலாய் 'அடா' இரண்டுமே 'இருக்கிறது', 'வைத்திருக்கிறேன்' என்னும் இரு பொருளையும் தரும். இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் மாணவர் என்ன செய்வார்? 'தேர் இஸ்', 'தேர் ஆர்' என்பதை இடம் சொல்லும் வாக்கியங்களோடு சேர்த்து வாய்ப்பழக்கமாக்குவதைத் தவிர வழியில்லை.

காதையும் மறக்கக்கூடாது. மாண்டரின் அசை உயிரொலியிலோ ன், ங் போன்ற மூக்கொலியிலோ முடியும். கூடிப்போனால் நாக்கு மடித்த 'ர்' ஒன்று உண்டு. 'வாக்ட்', 'ஆஸ்க்ஸ்' போல இரண்டு மூன்று மெய் நெருக்கியடித்து நிற்கும் முடிவு அதில் கிடையாது. கான்டனீஸ், ஹொக்கியன் பேசும் வீடுகளில் சொல்லின் இறுதியில் க், ட், ப் உண்டு, ஆனால் அவை வெடிக்காமல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். காதில் விழாத 'ட்' கையில் எப்படி வரும்?

சரி, கோடு இல்லாமல் பயிற்சி கொடுப்பது எப்படி?

முதலில், மூன்று சுற்றுத் திருத்தம். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 1119 என்ற குறியீடு கொண்ட ஆங்கிலப் பாடத்தின் எழுத்துத் தாளில் இரண்டாம் பகுதி 125 முதல் 150 சொல் கொண்ட கட்டுரை. அந்த அளவு எழுதி முடித்ததும் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று முறை படிக்க வேண்டும். முதல் சுற்றில் வினைகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றிடமும் 'எப்போது?' என்று கேட்க வேண்டும். இரண்டாம் சுற்றில் பெயர்ச்சொற்களுக்கு அடிக்கோடு. ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் சுற்றில் இணைப்புச் சொல் கணக்கு. ஒரே சுற்றில் எல்லாவற்றையும் தேடச் சொன்னால் பிள்ளை கதையைத்தான் படிக்கும், பிழையைப் பார்க்காது. அவரே தனக்குக் கோடு போட்டுக்கொள்ளும் வேலை இது.

இரண்டாவது, கேட்டு மீண்டும் கட்டுதல். வகுப்பின் தரத்தைவிடச் சற்று எளிய, 60 முதல் 70 சொல் கொண்ட பத்தி ஒன்றை எடுங்கள். இயல்பான வேகத்தில் இருமுறை வாசியுங்கள். முதல் முறை பேனா மேசைமேல் இருக்கட்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு இருவர் இருவராகப் பத்து நிமிடத்தில் பத்தியை மீண்டும் எழுத வேண்டும். மூலத்தைப் பலகையில் போட்டதும் வேறுபாடுகளை அவர்களே அடிக்கோடிடட்டும். பெரிய சொற்கள் எல்லாம் வந்திருக்கும். எஸ், இறந்தகாலம் காட்டும் ஈடி, எ, த, இஸ் மட்டும் விடுபட்டிருக்கும். தன் ஓட்டை எங்கே என்று மாணவர் தன் கண்ணாலேயே பார்க்கும் நேரம் அது. ஆசிரியர் இரக்கப்பட்டு முடிவெழுத்துகளை அழுத்தி அழுத்தி வாசித்தால் பயிற்சி கெட்டது. தேர்வில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை.

மூன்றாவது, போய்த் திரும்பும் மொழிபெயர்ப்பு. சீனம் தெரியாத ஆசிரியரும் நடத்தலாம் என்பதே இதன் வசதி. மூன்று ஆங்கில வாக்கியத்தை மாணவர் தனித்தாளில் சீனத்தில் எழுதுவார். இரண்டு நாள் கழித்து அந்தச் சீனத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்துக்குத் திருப்புவார், பிறகு மூலத்தோடு ஒப்பிடுவார். அன்றைக்கே செய்தால் நினைவிலிருந்து வந்துவிடும். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். வகுப்பில், கண்முன்னே, கையால் எழுத வைக்க வேண்டும்.

வாசிப்புக்கு வருவோம். இங்கே தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு, நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'த க்ளினிக் தட் த வில்லேஜர்ஸ் பில்ட் ஆஃப்டர் த ஃப்ளட் நவ் ட்ரீட்ஸ் பேஷன்ட்ஸ் ஃப்ரம் த்ரீ ஐலண்ட்ஸ்.' தமிழில் 'வெள்ளத்துக்குப் பிறகு ஊர்மக்கள் கட்டிய மருந்தகம்' என்போம். விளக்கம் முன்னால், பெயர் பின்னால். சீனமும் இதே வரிசைதான். நம் பெயரெச்சம் நிற்கும் இடத்தில் அவர்கள் 'தெ' என்று ஒரு அசையைப் போடுவார்கள். ஆங்கிலத்திலோ பெயர் முதலில் வந்துவிடுகிறது, விளக்கம் பின்னால் நீள்கிறது, அதற்குள் படிப்பவர் பெயரைத் தொலைத்துவிடுகிறார். 'யார் சிகிச்சை தருகிறார்கள்?' என்று கேட்டால் 'வில்லேஜர்ஸ்' என்று பதில் வரும்.

பென்சிலை எடுத்து, முதல் பெயருக்கு அடிக்கோடு. 'தட்' வரும் இடத்தில் அடைப்புக்குறி திற. முதல் வினை 'பில்ட்': கட்டியது யார்? ஊர்மக்கள். அப்படியானால் அது உள்ளே இருக்கும் வினை. அடுத்த வினை 'ட்ரீட்ஸ்': அதற்கு முன்னால் அடைப்பை மூடு. அடைப்பைத் தாண்டிப் படி: 'த க்ளினிக் நவ் ட்ரீட்ஸ் பேஷன்ட்ஸ்.' 'ட்ரீட்ஸ்' என்பதில் உள்ள 'எஸ்' ஒருமை எழுவாயைக் காட்டுகிறது என்பதையும் இங்கேயே சுட்டுங்கள். எழுதும்போது வால் என்று விட்ட எழுத்து, படிக்கும்போது வழி சொல்கிறது. ஒரு நாளைக்கு இப்படி ஐந்து வாக்கியம் போதும். பத்து கொடுத்தால் பென்சில் ஓடும், மூளை நின்றுவிடும்.

இதைவிடச் சிக்கலானது 'தட்' இல்லாத வகை. 'த மேன் அக்யூஸ்ட் ஆஃப் ஸ்டீலிங் த போட் டினைட் இட்.' 'அக்யூஸ்ட்' என்பதை இறந்தகால வினையாக எடுத்துக்கொண்டு, அந்த ஆள் வேறு யார் மீதோ பழி போட்டதாகப் படிப்பார்கள். பொருளே தலைகீழ். ஒரு வாக்கியத்தில் ஈடி இரண்டு வந்து நடுவில் இணைப்பு இல்லையென்றால், முதல் ஈடிக்கு முன்னால் 'ஹூ வாஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் அது அடைப்புக்குள் போகும்.

எஸ்.பி.எம். வாசிப்புத் தாள் 90 நிமிடம், 40 கேள்வி. அதில் நான்காம் பகுதிதான் சீனப்பள்ளி மாணவர்களை அதிகம் வாட்டுவது: பத்தியில் ஆறு வாக்கியம் எடுக்கப்பட்டிருக்கும், எட்டு வாக்கியத்திலிருந்து ஆறைத் தேர்ந்து பொருத்த வேண்டும். காரணம் பிரதிப்பெயர். பேச்சுச் சீனத்தில் அவன், அவள், அது மூன்றும் 'தா' என்ற ஒரே ஒலி. தெரிந்த விஷயமென்றால் பிரதிப்பெயரையே விட்டுவிடுவார்கள். ஆகவே ஹீ, ஷி, தே, திஸ், சச் ஆகியவற்றைக் கண் தாண்டிப் போய்விடும். அவையே இந்தப் பகுதியின் துப்பு. எட்டு வாக்கியத்திலும் இப்படிப்பட்ட சொற்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பெயரைத் தேடுகிறது என்று ஓரத்தில் குறிக்கட்டும். 'தே' என்றால் பன்மைப் பெயர் முன் வரியில் இருக்க வேண்டும். 'அனதர்' என்றால் முதலாவது ஒன்று ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். உறுதியானவற்றை முதலில் பொருத்திவிட்டு மீதியைப் பார்க்கலாம். வரிசையாக முதல் கோட்டிலிருந்து தொடங்கினால் ஒரு தவறு அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும்.

அகராதிச் செயலி பற்றிக் கொஞ்சம். சொல்லைத் தொட்டால் சீனம் வருகிறது, புரிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் 'ஜியே' என்ற ஒரே சொல்தான் பாரோ, லெண்ட் இரண்டுக்கும். 'கான்' என்ற ஒன்றே சீ, லுக், வாட்ச், ரீட் நான்குக்கும். சீன விளக்கத்தை மட்டும் குறித்துவைக்கும் சொல்லேடு இந்தக் குழப்பத்தை வளர்க்கவே செய்யும். சொல்லை அது வந்த முழு வாக்கியத்தோடு எழுத வேண்டும். முதல் வாசிப்பில் செயலி வேண்டாம்; இரண்டாம் வாசிப்பில் பக்கத்துக்கு ஐந்து சொல், அதுவும் வினையாகவோ, திரும்பத் திரும்ப வருவதாகவோ இருந்தால். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாதவை என்றால் அந்தப் பத்தி பயிற்சிக்கு ஏற்றதல்ல, ஒரு படி கீழே இறங்குங்கள்.

கடைசியாக எண்கள். சீனத்தில் பெரிய எண்ணின் அலகு 'வான்', அதாவது 10,000. '1.3 மில்லியன்' என்பதைப் படித்ததும் மாணவர் மனத்துக்குள் மாற்றும்போது ஒரு பூஜ்யம் நழுவி 13 வான் ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு. நமக்கு லட்சத்தில் நடக்கும் அதே தடுமாற்றம்தான். 1,300,000 என்று முழுதாக எழுதி, வலமிருந்து நான்கு இலக்கம் தள்ளிக் கோடு போடச் சொல்லுங்கள்: 130 | 0000. கோட்டுக்கு இடப்புறம் நிற்பது 130 வான்.