மண்ணுக்கடியில் ஓர் அச்சுக்கூடம்

சின்ன வயதில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டு, நோட்டில் ஒற்றிப் பூ அச்சடிக்காதவர்கள் குறைவு. காயின் சதை தாளில் பதியும். உள்ளே இருக்கும் அறைகள் வெள்ளையாக நிற்கும். மரச்செதுக்கு அச்சின் அடிப்படையும் அதுதான். மேடு கறுப்பு, பள்ளம் வெள்ளை. இந்த எளிய விஷயத்தை வைத்துக்கொண்டு, 1940களில் மேற்கு உக்ரைனில் ஒருவர் பூமிக்கடியில் உட்கார்ந்து ஒரு தலைமறைவுப் படைக்குத் துண்டறிக்கைப் படம், கேலிச்சித்திரம், நன்கொடைச் சீட்டு, பதக்க வடிவம் எல்லாம் செய்துகொடுத்தார்.

அவர் பெயர் நீல் ஹசேவிச். 1905இல் வோலின் பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு ரயில் விபத்து தாயையும் அவருடைய ஒரு காலையும் பறித்துக்கொண்டது. வார்சா நுண்கலைக் கழகத்தில் படித்தார். புத்தக உரிமையாளரின் பெயரோடு அட்டையின் உட்புறம் ஒட்டுகிற சின்னஞ்சிறு முத்திரைப் படங்களில் பெயர் வாங்கினார். போர்க்காலத்தில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார். ஜெர்மானியரையும் பிறகு சோவியத்தையும் எதிர்த்த படை அது. 1943இல் வோலினில் போலந்துக் குடிமக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றதும் அதே படைதான். அந்த ரத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் படங்களைப் பார்க்க முடியாது. ஆனால் அவை எப்படி உருவாயின என்பது தனியாகச் சொல்லவேண்டிய கதை.

ஏன் மரம்? செப்புத்தகட்டு அச்சில் மை கீறலுக்குள் இருக்கும். ஈரத்தாளை அந்தக் கீறலுக்குள் திணித்து மையை வெளியே எடுக்கக் கனத்த உருளை இயந்திரம் வேண்டும். கல்லச்சுக்குக் கல்லின் எடையே போதும், பதுங்கி வாழ்பவர் கைவிட்டுவிடுவார். மரச்செதுக்கில் மை மேட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. தாள் அதைத் தொட்டால் போதும்.

அந்தத் தொடுதலுக்கும் அழுத்தம் வேண்டுமே? ஒரு கணக்குப் போடுவோம். 20 செ.மீ.க்கு 15 செ.மீ. கட்டை என்றால் பரப்பு 300 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் தேவை என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த 600 கிலோ எடை வேண்டும். அதே தாளைக் கரண்டியின் முதுகால் தேய்த்தால், ஒரு நேரத்தில் தொடும் இடம் 1 சதுர செ.மீ. அளவுதான். கை கொடுக்கும் 2 கிலோ போதும். இயந்திரம் ஒரு நொடியில் செய்வதைக் கரண்டி சில நிமிடங்களில் செய்கிறது, அதுவும் சத்தமில்லாமல். நிறையப் படிகள் வேண்டுமானால் அதே கட்டையை ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி அச்சடிக்கலாம். இரண்டிலும் மேடுதானே அச்சாகிறது.

கட்டையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். ஒரு கோட்டை விட்டுவைக்கும்போது இருபுறமும் உளியைச் சாய்த்து வெட்டுவார்கள். கோடு ஒரு குட்டி மலைத்தொடர் போல, அடி அகன்று தலை குறுகி நிற்கும். செங்குத்தாகவோ உள்வாங்கியோ வெட்டிவிட்டால், அழுத்தம் பட்டதும் முறிந்து விழும். முறிந்ததைச் சரிசெய்வது எளிதல்ல. படத்தில் பென்சில்காரர் அழிப்பான் எடுக்கும் இடத்தில், செதுக்குகிறவர் பல நேரம் புதுக்கட்டை எடுக்கவேண்டும்.

எழுத்து இன்னும் வேடிக்கை. எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலமிருந்து இடமாகச் செதுக்கவேண்டும். ‘வோல்யா’ என்றால் உக்ரைனிய மொழியில் விடுதலை; அந்தப் படையின் முழக்கங்களில் அடிக்கடி வரும் சொல். அதன் கடைசி எழுத்தான ‘யா’, இலத்தீன் ‘ஆர்’ எழுத்தைத் திருப்பிப்போட்ட வடிவம். ஆக, கட்டையில் அதை இடது ஓரத்தில், அசல் இலத்தீன் ‘ஆர்’ ஆகவே வெட்டவேண்டும். நடுவில் வரும் ‘ஓ’ மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓதான்.

மரத்துக்கு ஒரு பகை உண்டு: ஈரம். கிளர்ச்சியாளர்கள் ‘க்ரியீவ்கா’ என்று அழைத்த பதுங்குகுழியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மண்ணின் கசிவு போதாதென்று மனித மூச்சும் சேரும். மர இழைகளின் சுவர் நீரை உறிஞ்சி உப்பும். இழையின் நீளத்தில் அந்த உப்பல் அநேகமாக இல்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில்தான் அதிகம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. இப்படி ஒரு பக்கம் ஒரு மாதிரி உப்புவதால் பலகை வளைகிறது. வளைந்த பலகையின் நடுப்பகுதியோ ஓரமோ தாளைத் தொடாமல் போய், அச்சில் வெளிறிய திட்டு விழும். நன்றாகக் காய்ந்த, இழை சீரான மரத்தைச் சிறு துண்டாக எடுப்பது இதற்குத்தான். லிண்டன், பேரி போன்ற மரங்களைச் செதுக்குகிறவர்கள் தேடுவதும் அதனால்தான். எண்ணெய் மையும் ஈரக்குளிரில் சோதிக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அந்த வினை மந்தமாகும். தாள்களை அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றின் முதுகில் இன்னொன்றின் படம் ஒட்டிக்கொள்ளும்.

ஹசேவிச்சின் படங்களில் கறுப்பு கனமாக நிற்கும். பாணி ஒரு காரணம். இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: மரச்செதுக்கில் கறுப்பு இலவசம், ஒவ்வொரு வெள்ளைக்கும்தான் உழைப்பு. இருட்டிலிருந்து எவ்வளவு வெளிச்சத்தைத் தோண்டி எடுப்பது என்பதே அங்கே வரைதல்.

1952 மார்ச் 4 அன்று, ரிவ்னே பகுதியில் சுகிவ்த்சி கிராமத்தருகே அவர் இருந்த பதுங்குகுழியைச் சோவியத் பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்தார்கள். அவர் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு, பதுங்குகுழி வரைகலை என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய படங்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொகுப்பாக வந்தன. எல்லை தாண்டிப் போகக் கட்டை தேவைப்படவில்லை, ஒரு தாள் போதும். மரச்செதுக்கில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை இருக்கும், அல்லது இருக்காது. அதனால் அந்தத் தாளைப் படம்பிடித்து மறுபடி அச்சிட்டாலும் கோடு கோடாகவே வரும்.